ஒன்பதாவது கடையில் பெப்பரோனி

நியூயார்க்கில் அசல் நேப்பிள்ஸ் பீட்சாவைத் தேடி ஜென்னாரோவும் அவர் மனைவி அசுந்தாவும் நுழைந்த ஒன்பதாவது கடை அது.

“பெப்பரோனி பீட்சா ஒண்ணு” என்று சொல்லிவிட்டு அடுப்படியையே முறைத்தார் ஜென்னாரோ.

“ஏங்க, திருடனைப் பாக்குற மாதிரி பாக்குறீங்க?”

“நம்ம நேப்பிள்ஸ்ல பெப்பரோனின்னா குடமிளகாய். எட்டுக் கடையிலயும் கறியைத்தானே வெச்சானுங்க? இவனும் போலிதான், பாரு.”

பீட்சா வந்தது. மேலே சிவப்புக் குடமிளகாய்.

ஒரு வாய் தின்றதும் ஜென்னாரோவின் முகம் வெளுத்துவிட்டது.

“அசல்தான்டி. தொலைஞ்சோம்.”

“‘இந்த ஊரிலேயே ஒரே அசல் பீட்சா’ன்னு நம்ம கடைப் பலகையில எழுதாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?” அசுந்தா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “நாளைக்கே ஏணி போட்டு ஏறி அந்த ‘ஒரே’வை அழிங்க. இப்ப எனக்கு இன்னொரு பீட்சா சொல்லுங்க.”