முனியாண்டிக்கு விட்ட ஆடுகள்

“ஐயோ அண்ணே, அடிக்காதீங்க! அது சாமி ஆடு!”

அழகேசன் மலைச் சரிவில் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தான். புதர் மண்டிக் கிடந்த நிலத்தின் நடுவில் கையில் கம்போடு நின்றிருந்தார் பக்கிரிசாமி. அவர் முன்னால் அழகேசனின் கிடாய், நெற்றி நிறைய மஞ்சளும் கழுத்தில் வேப்பிலையுமாக, விருந்துக்கு வந்ததுபோல் கொடியை மென்றுகொண்டிருந்தது.

“சாமி ஆடா?”

“ஆமாண்ணே. முனியாண்டிக்கு நேர்ந்து விட்டது. அதுக்கு எங்க தோணுதோ அங்கதான் மேயும். வெரட்டினா...” அழகேசன் குரலைத் தாழ்த்தினான். “அப்புறம் நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல லா.”

பக்கிரிசாமி கம்பைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். ஆட்டைப் பார்த்து, “தெரியாம கம்பை எடுத்துட்டேன். நீங்க சாப்பிடுங்க சாமி” என்றார்.

சிரிப்பை அடக்குவது அழகேசனுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

அத்தனையும் பச்சைப் பொய். அது ஆடி மாதத்தில் விற்பதற்காக அவன் வளர்க்கும் ஆடுகளில் ஒன்று. அவன் ஜெராய் மலையடித் தோட்டத்துக்குப் பிழைக்க வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆடுகள் செம்பனைக் கன்றுகளைக் கடித்து வைக்க, இனி தோட்டத்துக்குள் ஓர் ஆட்டையும் பார்க்கக்கூடாது என்று மேனேஜர் கத்திவிட்டார். மேய இடமில்லாமல் ஆடுகளுக்கு எலும்பு துருத்த ஆரம்பித்தது.

“இந்த ஆடிக்கு ஆடு கொழுக்கலன்னா எல்லாத்தையும் தள்ளிவிட்டுட்டு, சுங்கைப் பட்டாணில ஜாகா வேலைக்குப் போயிடுங்க” என்று மனைவி நவமணி கறாராகச் சொல்லிவிட்டாள். ஃபேக்டரி வாசலில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதும் காவல் வேலை. நினைத்தாலே அழகேசனுக்கு அழுகை வந்தது.

அந்த நேரத்தில் கைகொடுத்தவள், முச்சந்தியில் ஒட்டுக்கடை வைத்திருக்கும் பாப்பம்மாதான். தே தாரேக் என்னும் நுரை டீயை ஆற்றிக்கொண்டே வழி சொன்னாள்.

“மேல ரப்பர் மரம் செத்துப்போனதுலருந்து ஒரு நெலம் பெலுக்காரா, வெறும் பொதராக் கெடக்குது பாரு. அதுக்குச் சொந்தக்காரர் பக்கிரிசாமி ரிட்டயர் ஆகித் திரும்பி வந்திருக்காரு. வாழை போடணுமாம், டுரியான் போடணுமாம். முனியாண்டின்னா அந்த மனுசன் நடுங்கிப் போயிடுவாரு. ஆட்டுக்கு மஞ்சளைப் பூசி உள்ள விடு தம்பி. வாயே திறக்க மாட்டாரு.”

சொன்னது சொன்னபடியே நடந்தது. மறுநாள் அழகேசனின் எல்லா ஆடுகளும் சாமி ஆடுகளாகிவிட்டன. வீட்டில் மஞ்சள் தூள் தீர்ந்துபோய், நவமணி மீன் குழம்பை வெளுப்பாக வைத்தாள். விஷயம் கேள்விப்பட்டு, கோத்தா கோலா மூடாவிலிருந்து மச்சான்காரன் தன் ஆடுகளையும் வேனில் கொண்டுவந்து இறக்கினான்.

பக்கிரிசாமியின் பக்தியோ நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது.

“தம்பி, நேத்து சாமி அந்த ஓரமா சாப்பிட்டுச்சு. இன்னைக்கு இந்த முள்ளுப் பொதர்கிட்ட கட்டட்டுமா? கோவிச்சுக்குமா?”

“கோவிச்சுக்காதுண்ணே. முள்ளுன்னா அதுக்கு ரொம்ப இஷ்டம்.”

“தெனமும் மலை ஏறி எறங்கினா சாமிக்குக் கால் வலிக்காதா? இங்கயே ஒரு கொட்டகை போட்டுடறேன். ராத்திரியும் இங்கயே இருக்கட்டும்.”

“ஒங்க மனசு யாருக்குண்ணே வரும்!”

ஓர் ஆடு தும்மியது. பக்கிரிசாமி பதறிப்போனார். “என்ன தம்பி சொல்லுது?”

“ஒங்க நெலம் ஓகோன்னு வரும்னு சொல்லுதுண்ணே.”

ஒரு நாள் மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. மஞ்சள் கரைந்தால் குட்டு உடைந்துவிடுமே என்று அழகேசன் மஞ்சள் டப்பாவோடு மேலே ஓடினான். அங்கே பக்கிரிசாமி ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு கடைசி ஆட்டுக்குப் பூசிக்கொண்டிருந்தார்.

“மழைல எல்லாம் கரைஞ்சு போச்சு தம்பி. நீ எதுக்கு அலையணும்னு நானே பூசிவிட்டுட்டேன்.”

இப்படியும் ஓர் அப்பாவி உண்டா! அழகேசனுக்கு அவர்மேல் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

ஆடி நெருங்கியது. ஆடுகள் கொழுகொழுவென்று நின்றன. புதரும் லாலாங் புல்லும் போய், சரிவில் அந்தக் காலத்தில் ரப்பர் நட வெட்டிய படிகள் எல்லாம் வெளியே தெரிந்தன. மண்மேல் எரு பரவிக் கிடந்தது.

“அண்ணே, நேத்து கனவுல முனியாண்டி வந்தாரு. ஆடுகளைத் திருப்பிக் கேக்கறாரு” என்றான் அழகேசன், தலையைச் சொறிந்தபடி.

“சாமி கேட்டா குடுக்காம இருக்க முடியுமா?” வாழைக்கன்றுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்த பக்கிரிசாமி எழுந்து, ஒவ்வொரு ஆட்டையும் கும்பிட்டு வழியனுப்பி வைத்தார்.

அழகேசன் ஆடுகளை நேராகப் பாப்பம்மாவின் கடைக்கு ஓட்டிக்கொண்டு வந்தான்.

“அக்கா, பொழைச்சேன்! இனி ஜாகா வேலை கெடையாது. அந்த ஏமாளிக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணுமே தெரியல லா!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பாப்பம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். தே தாரேக்கை நுரை பொங்க ஆற்றி அவன் முன்னால் வைத்தாள்.

“என் கூடப் பொறந்த அண்ணன் நெலம் ஒருவழியா சுத்தமாயிடுச்சு. அதுக்குப் பக்கத்துல என் பங்கும் பெலுக்காராத்தான் கெடக்குது, விக்காம மிஞ்சற ஆட்டையெல்லாம் அங்க ஓட்டிட்டு வந்துடு தம்பி” என்றாள். “மஞ்சளை நானே கரைச்சு வச்சிருக்கேன்.”