சுத்தமான சளி

"நீ கடைசியா எப்போ இருமினே, ஞாபகம் இருக்கா?"

லெபூசா மாமா இப்படிக் கேட்டது முந்தின வருடம். மொட்செலிசி யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்போ இதுல துப்புடி, தங்கம்."

மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. மேலே மாமாவின் பெயர். சளி சுத்தம் என்று சீட்டு வந்தால்தான் எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் சேர்ப்பார்கள். காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்திய மாமாவின் சளி எந்தச் சோதனையிலும் தேறாது.

வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று அடி வாங்கிப் பள்ளியை விட்டவள் மொட்செலிசி. அவள் வாயிலிருந்து வந்த ஒன்றை ஊர் மதித்தது அதுவே முதல்முறை.

மாமா தேறினார். ஒப்பந்தம் முடிந்து திரும்பியபோது ஒரு மூட்டை சர்க்கரையும் பழைய இருமலும் கொண்டுவந்தார். சர்க்கரை ஒரு மாதத்தில் தீர்ந்தது. இருமல் அதே குடிசையில், அவள் பாய்க்கு ஒரு முழம் தள்ளி, ஒன்பது மாதம் படுத்திருந்தது.

இந்த வருடம் விடியற்காலையில் வாசலில் வரிசை. மாமாவும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும், ஆளுக்கொரு டப்பாவோடு.

"எனக்கு முதல்ல துப்பும்மா, நான் மலைக்கு அந்தப் பக்கம் போகணும்" என்றார் கூட்டாளிகளில் ஒருவரான மொட்லாட்சி.

போன தடவை காறிக் காறித் தொண்டை எரிந்தது. இந்தத் தடவை நான்கு டப்பாவும் நொடியில் நிறைந்தன.

"பொண்ணு தொழில்ல தேறிட்டா" என்று மெச்சினார்கள்.

மூன்றாவது வாரம் சீட்டு வரவில்லை. ஜீப் வந்தது.

நான்கு பேருக்குமே வழக்கமான மாத்திரைக்கு அடங்காத காசநோய் என்றாள் நர்ஸ். கூட வந்த அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இத்துனூண்டு ஊர்ல நாலு பேரா! மாவட்டத்துலயே நாமதான் முதல்."

வரைபடத்தில் நான்கு சிவப்பு ஊசிகளைக் குத்தினார். ஊர் சிறியது. ஒன்று ஆற்றில் நின்றது.

அது எங்கள் சளி இல்லை என்று சொன்னால் சுரங்கத்தில் ஆயுளுக்கும் பெயரை அடித்துவிடுவார்கள். எங்கள் சளிதான் என்றால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. சாராயக்கடையையே வாயால் தூக்கி நிறுத்தும் நான்கு ஆண்களும் தங்கள் ரப்பர் பூட்ஸை ஆராய்ந்தார்கள்.

"வீட்ல வேற யாருக்காவது இருமல் இருக்கா?" நர்ஸ் மொட்செலிசியைப் பார்த்துக் கேட்டாள்.

"இவளுக்கா?" மாமா தன் இருமலை விழுங்கிக்கொண்டு சொன்னார். "இவ இருமி நான் பார்த்ததே இல்ல, நர்ஸம்மா."

அவர் பொய் சொல்லவில்லை. ஆறு மாதமாக அவள் மாட்டுப்பட்டிக்குப் பின்னால் போய், போர்வையை வாயில் திணித்துக்கொண்டுதான் இருமினாள். இருமுகிறவளிடம் யார் டப்பாவை நீட்டுவார்கள்?

நர்ஸ் ஜீப்பின் கதவைத் திறந்து பட்டியலைப் படித்தாள்.

"லெபூசா."

மாமா மொட்லாட்சிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"மொட்லாட்சி."

காற்றில் வரைபடம் படபடத்தது. அதிகாரி ஊசிகளைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது பெயர்.

நான்காவது பெயரை நர்ஸ் படித்து முடிப்பதற்குள், மொட்செலிசி போர்வையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, நான்கு பேருக்கும் நடுவே புகுந்து நடந்து, ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.