வயர்தான் பிழை

மேசைக்கடியில் முழங்காலிட்டு, டிஸ்க் விற்ற நஸ்ருதீன் அண்ணை ஆரபியின் கம்ப்யூட்டரிலுள்ள இரண்டாவது டிஸ்க்கின் வயரை மூன்றாவது முறையாக மாற்றுகிறார். அதிலுள்ள புரோகிராம்கள் ஒன்றும் திறக்கவில்லை. "செத்த டிஸ்க்கை வித்துப்போட்டியள்" என்று ஆரபி காலையில் போனில் கத்தியதால், சண்டிலிப்பாயிலுள்ள அவள் வீடு வரை வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார். பிடரியில் வியர்வை மின்னுகிறது. ஆரபியின் முன்னால் திரையில், லினக்ஸின் அமைப்புக் கோப்பில், அந்த டிஸ்க்குக்கு நேரே ஒரு சொல்: நோஎக்ஸெக். இந்த டிஸ்க்கிலிருந்து எந்தப் புரோகிராமையும் இயக்காதே என்று பொருள். வைரசுக்குப் பயந்து போன மாதம் அவளே எழுதியது. அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் அழிக்கிறாள். அவர் புது வயரைச் செருகி, கம்ப்யூட்டரைத் திரும்பப் போடுகிறார். புரோகிராம் இப்போது திறக்கிறது. "பார்த்தியளே தங்கச்சி, வயர்தான் பிழை!" அவர் முகம் மலர்கிறது. "நான் தந்த வயர்தானே, குறை நினையாதேங்கோ." "ஓம் அண்ணை" என்கிறாள் ஆரபி, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.