ரஸ்க்கும் நடுங்கும் திரையும்

மைத்துனன் கொடுத்த பழைய கம்ப்யூட்டரின் முதுகு புடைத்த திரை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"குப்பைய என் தலையில கட்டிட்டான் உன் தம்பி" என்றேன் மனைவியிடம்.

அவள் எட்டிப் பார்த்தாள். "நடுங்கலையே?"

"முதல்ல கண் டாக்டரப் பாரு."

கேபிளை மாற்றினேன். உள்ளே இருந்த கண்டென்சரை மாற்றினேன். அதனால்தான் நடுங்குகிறதோ என்று ஃபேனையும் நிறுத்திவிட்டு வியர்வையில் குளித்தபடி யோசித்தேன். ரஸ்க் கடிக்காமல் என் மூளை ஓடாது. அன்று தட்டுத் தட்டாக ரஸ்க் காலியானது. நடுக்கம் மட்டும் நின்றபாடில்லை.

மைத்துனனை வரவழைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பதாகத் திட்டம்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே அத்தான்" என்றான், திரையைப் பார்த்து.

"அக்காவும் தம்பியும் பேசி வச்சுக்கிட்டீங்களா?"

மனைவி அவனிடமும் தட்டை நீட்டினாள். ஒரு ரஸ்க்கை எடுத்து மொறுக்கென்று கடித்தான்.

"அக்கா, ஆடுது!"

"இப்ப ஒத்துக்கிறியா?" என்று துள்ளி எழுந்தேன்.

அவன் விழுங்கினான். "நின்னுடுச்சு." மறுபடி கடித்தான். "ஆடுது."

இருவரும் அசைந்துகொண்டிருந்த என் தாடையைப் பார்த்தார்கள்.

மனைவி என் கையிலிருந்த ரஸ்க்கைப் பிடுங்கினாள்.

"ரிப்பேர் முடிஞ்சுது தம்பி. கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. ஆடுனது உங்க அத்தானோட மண்டை."