சனிக்கிழமை வகுப்பு

"அம்மா, சார் வந்துட்டாரா?"

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். அம்மா ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு கைபேசித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் காலி நாற்காலி, அதன் பின்னால் புத்தக அலமாரி.

"பொறு வாண்டு. சார் வரட்டும், கிளம்பலாம்."

சொல்லி வாய் மூடவில்லை, நாற்காலியில் சார் வந்து உட்கார்ந்தார். "எல்லாருக்கும் வணக்கம். என் குரல் கேக்குதா?"

"கிளம்பு," என்றாள் அம்மா. மூன்று தாழ்ப்பாள்களையும் நீக்கிக் கதவைத் திறந்தாள்.

ஒரு கணினி மொழியின் வயிற்றுக்குள் என்னதான் நடக்கிறது என்று வாரம் ஒரு பகுதியாகப் பிரித்துக் காட்டும் இணையக் கருத்தரங்கு அது. 'கற்றுக்குட்டி' என்ற பெயரில் அம்மா அதில் சேர்ந்திருந்தாள். ஒரு வாரம்கூட விட்டதில்லை. "கற்றுக்குட்டியைப் பாருங்க, லீவே போடறதில்லை," என்று கருத்தரங்கை ஒருங்கிணைக்கிற அம்மாள் எல்லோர் முன்னாலும் புகழ்ந்திருக்கிறார்.

உண்மையில் அவளுக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது. பல் மருத்துவமனை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே தொலைபேசியில் நேரம் பதிந்து கொடுப்பவள் அவள். அவளுக்கு வேண்டியது பாடமல்ல. அந்த ஆள் நாற்காலியில் இருக்கிறானா இல்லையா என்பதுதான்.

அவன் அவளுடைய கணவன்.

கைக்குழந்தையோடு அவள் தப்பி வந்த பிறகு இரண்டு வீடு மாறினாள். இரண்டையும் மோப்பம் பிடித்து வந்தான். கடைசித் தடவை மாடிப்படியின் கீழே நின்றுகொண்டு, ஒன்றும் நடக்காதவன் போலச் சிரித்தான். அன்றே மூன்றாவதாக இந்த வீட்டுக்கு ஓடி வந்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் பகலிலும் திரைச்சீலையை விலக்குவதில்லை. சார் யாரென்று வாண்டுக்குத் தெரியாது.

வழி சொன்னது அக்காதான். "சனிக்கிழமை சாயங்காலம் ஊரே பாக்க அவன் உக்காந்து பேசறான்டி. அந்த ஒரு மணி நேரம் அவனால எழுந்து நகர முடியாது. குழந்தையை வெளிய கூட்டிட்டுப் போ. நீயும் கொஞ்சம் மூச்சு விடு."

அன்றிலிருந்து அவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் வெளியுலகம் கிடைத்தது.

ஆனாலும் இன்று படியிறங்கப் போனவள் முதல் படியிலேயே நின்றுவிட்டாள். போன வாரம் பூங்காவில் அவள் வாண்டுவைக் கூப்பிட்ட நேரம் பார்த்து எப்படியோ மைக் திறந்துகொண்டுவிட்டது. "யாருங்க அது? ரயில் ஸ்டேஷன் அறிவிப்பெல்லாம் கேக்குது, மைக்கை மூடுங்க," என்று ஒருங்கிணைக்கிற அம்மாள் சிரிக்க, இவள் அவசரமாக மூடினாள். அவன் மட்டும் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் பாடத்தைத் தொடர்ந்தான்.

வாரம் முழுக்க அக்காவிடம் அதையே சொல்லிப் புலம்பினாள். "அத்தனை பேர்ல யாரோ ஒருத்தி. அவன் கண்டுக்கவே இல்லைங்கறியே, அப்புறம் என்ன?" என்றாள் அக்கா.

வாண்டுவோ பார்க், பார்க் என்று உயிரை எடுத்துவிட்டாள். நடந்து போகிற தூரத்தில் ஊஞ்சல் இருப்பது ரயில் நிலையத்தை ஒட்டிய அந்தப் பூங்காவில்தான். அவன்தான் நாற்காலியில் இருக்கிறானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு நடந்தாள்.

ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எட்டிப் பார்த்தாள். மருந்துக் கடைக் கண்ணாடியில் பின்னால் வருகிறவர்களை நோட்டம் விட்டாள். காதில் அவன் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் ஓடுகிற வரைக்கும் பயமில்லை.

"வேண்டாத பொருளை இந்த மொழி தானே கூட்டித் தள்ளிடும். எது வேண்டாததுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்ச இடத்துல ஆரம்பிச்சு, ஒண்ணைப் பிடிச்சு இன்னொண்ணுன்னு போய்க்கிட்டே இருக்கும். இப்படிப் போய் எட்ட முடியாதது மட்டும்தான் குப்பை."

பூங்காவில் கூட்டமில்லை. ஒரு கிழவர் நாயோடு உலாத்திக்கொண்டிருந்தார். வாண்டு ஓடிப்போய் ஊஞ்சலில் ஏறினாள். அம்மா ஒரு கையால் ஆட்டிவிட்டுக்கொண்டே இன்னொரு கையில் கைபேசியைப் பிடித்திருந்தாள்.

திரையின் ஓரத்தில் ஒரு மாணவர் எழுதியிருந்தார்: 'சார், நீங்க இப்ப சொன்னது தப்பு.'

அவள் ஊஞ்சலை ஆட்டுவதை நிறுத்தினாள். எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் தட்டைத் தூக்கி வீசுகிறவன் அவன். வகுப்பிலும், யாராவது மறுத்து எழுதினால் பாடத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு மல்லுக்கு நிற்பான்.

இன்றைக்கு அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. புன்னகை மாறாமல் அடுத்த படத்துக்குப் போய்விட்டான். மாணவர் மறுபடி எழுதினார். அதற்கும் பதிலில்லை.

மனுஷன் கொஞ்சம் தணிந்துவிட்டானோ என்று அவளுக்குத் தோன்றியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு தோள்கள் தளர்ந்தன. சாயங்கால வெயில் முகத்தில் பட, ஒரு கணம் கண்ணை மூடிக்கூட நின்றாள்.

"இன்னும் வேகமா, அம்மா!"

"விழுந்துடுவ, வாண்டு. கெட்டியாப் பிடிச்சுக்கோ."

வலது காதில் அவன் அடுத்த பகுதியைத் தொடங்கியிருந்தான். திரையில் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

இயர்போன் இல்லாத இடது காதில், பிடரியில் மூச்சுப்படும் நெருக்கத்தில், அதே குரல் மெல்லக் கேட்டது.

"பாப்பா அப்படியே என் ஜாடை, இல்ல?"