ஒட்டடைக்கம்பு

மாடியில் நாங்கள் பாட்டுப் பதியும்போதெல்லாம், கீழே குடியிருக்கும் ஹவுஸ் ஓனர் தில்ஷாத் அக்கா ஒட்டடைக்கம்பால் தன் வீட்டு சீலிங்கை இடிப்பார். நிறுத்துங்கள் என்று அர்த்தம். எங்கள் ராக் பேண்டு யாருக்காகவும் நின்றதில்லை, கிட்டார் சத்தத்தைக் கூட்டினோம். அந்த இடியும் ஆல்பத்தில் ஏறிவிட்டது. "அழிச்சிரலாமா?" என்று கேட்ட டிரம்மர் இன்பாவை முறைத்தேன். ஆல்பம் வெளிவந்தது. முதல் கச்சேரியில் அந்த இடி விழும் இடம் வந்ததும் கூட்டமே காலால் தரையை இடித்தது. மறுநாள் அக்கா கம்போடு படியேறி வந்தார். காதில் இயர்போன். "மூணாவது பாட்டுல நான் இடிக்கிறது அமுங்கிக் கெடக்கு. அடுத்த தடவை மைக்கக் கீழ கொண்டாந்து வைங்கடா. இல்லன்னா வீட்டக் காலி பண்ணுங்க."