பொருத்தமற்ற கேள்வி

இளைஞர் நலப் பணி முதுகலைப் படிப்பின் இரண்டு வருடமும் ஜெசிந்தா திரையில் தோன்றும் செயற்கைப் பிள்ளைகளிடம்தான் பேசிப் பழகினாள். எடுத்த எடுப்பில் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிடுவாள். அவள் பேச்சை மதிப்பிடக் காதில் மாட்டியிருந்த கருவி "பொருத்தமற்ற கேள்வி" என்று மதிப்பெண்ணைக் குறைக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு ஏது பசி!

இறுதித் தேர்வுக்கு, காப்பகத்தில் மூன்று நாளாக வாய் திறக்காத ருக்சானா என்ற நிஜப் பெண்ணிடம் அனுப்பினார்கள். பாடத்திலிருந்த பன்னிரண்டு கேள்விகளுக்கும் அவள் சுவரையே பார்த்திருந்தாள். தேர்வு போய்விட்டது என்று நினைத்தபோது ஜெசிந்தாவுக்குப் பழக்கதோஷத்தில் அந்தக் கேள்வி வாயில் வந்துவிட்டது.

"சாப்பிட்டியாம்மா?"

காதுக்கருவி கண்டித்தது. ருக்சானா திரும்பினாள்.

"தட்டு வருதுக்கா. சாப்பிட்டியான்னு யாருமே கேக்கல."

ஜெசிந்தாவுக்குப் போன உயிர் திரும்பியது. கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"பரீட்சை பயத்துல நானும் சாப்பிடல. வா, சேந்து சாப்பிடுவோம்."